இருபதாயிரத்துக்குப் போனவன்

என் நண்பன் இருபதாயிரம் ரூபாய்க்கு எங்கள் டீமை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் டீமுக்குப் போனான். அதைத் துரோகம் என்று முதலில் சொன்னவன் நான்.

இருவரும் இராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் தறி ஓடும் பக்கம், அவன் துணி வெளுக்கும் பக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே கால்பந்து டீம். நான் பின்னால் நின்று தடுக்கிறவன், கேப்டனும் நானே. அவன் முன்னால் ஓடி கோல் போடுகிறவன். பத்து வருடமாக எங்கள் டீமை நாலு ஊருக்குத் தெரிந்தது என்றால் அது அவன் காலால்தான். இதை இப்போது எழுத வருகிறது. அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்களுக்கு இன்னொரு டீமும் இருந்தது, இங்கிலாந்தில். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் திணறுவோம். ஆனாலும் ‘நாம ஜெயிச்சிட்டோம்’, ‘நாம அவனை வாங்கிட்டோம்’ என்றுதான் பேச்சு. ஆட்டக்காரர்களை விற்று வாங்கும் மாதங்களில் காலை ஷிஃப்டுக்கு முன் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. எவனுக்கு எத்தனை கோடி, எவன் அந்தக் காசுக்கு லாயக்கு, எவன் தண்டம் என்று, பஸ் பாஸ் எடுத்து வேலைக்கு வருகிற நாங்கள் தீர்ப்புச் சொல்வோம். எங்கள் கிளப் பணத்தைக் கொட்டி அடுத்தவன் ஆளைத் தூக்கினால் அது சாமர்த்தியம். எங்கள் ஆள் கூடுதல் பணத்துக்குப் போனால் அவன் பணப்பேய்.

ஒரு வருடம், சின்ன வயதிலிருந்து அந்த கிளப்பிலேயே வளர்ந்த ஒருவன் எதிரி கிளப்புக்குப் போனான். அவன் படத்தின் மேல் விலைச்சீட்டு ஒட்டியதுபோல் செய்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பன் மட்டும் மறுநாள் கேட்டான், கூடக் கூலி கொடுத்தால் நீ வேறு கம்பெனிக்குப் போகமாட்டாயா என்று. வேலை வேறு, பந்து வேறு என்றேன்.

அதற்கப்புறம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த மனிதர் வந்தார். சிமெண்டும் கம்பியும் விற்கிற கடைக்காரர், சொந்தச் செலவில் ஒரு டீம் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஷிஃப்டு முடிந்து நாங்கள் கேட்டுக்கு வெளியே வந்த நேரம் பைக்கில் வந்து இறங்கினார். நண்பன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்து, “தம்பி, அவரைச் செத்த கூப்பிடுங்க” என்றார். கூப்பிட்டேன். இரண்டு பேரும் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார்கள். நான் அவர் பைக்கின் பக்கத்தில் நின்றேன்.

கையில் இருபதாயிரம், அவர் கடை குடோனில் வேலை, இங்கே வாங்குவதைவிட மாதம் இரண்டாயிரம் கூடுதல். வேறு யாரிடமும் சொல்லாமல் நண்பன் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

“இருவதாயிரத்துக்கா ஒன்னைய விக்கப்போற?” என்று கேட்டேன்.

“விக்கலலே. எனக்கும் ஒரு வெல இருக்குன்னு ஒருத்தர் தேடி வந்து சொல்லுதாரு. பத்து வருசமா ஒங்ககூட ஆடுதேன். நீங்க ஒருத்தராவது சொல்லியிருக்கீங்களா?”

அந்த இடத்தில் நான் அவன் தோளைத் தட்டியிருந்தால் போதும். தட்டவில்லை. “போ. பொறவு இந்தப் பக்கம் வந்திராத” என்றேன். டீமுக்காகக் கோபப்பட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். உண்மை அதைவிட அற்பமானது. அந்த மனிதர் பத்து வருடம் கேப்டனாக இருந்த என்னை ஆள் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் நண்பனின் படத்திலும் விலைச்சீட்டு போட்டேன். 20,000 என்று பெரிதாக. குழுவில் சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் குழுவை விட்டு விலகினான்.

மூன்று மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழு பேர் ஆடும் போட்டி. இரண்டாவது ஆட்டத்திலேயே அவர்களும் நாங்களும் மோதினோம். எங்கள் பையன்களும் ஆதரவாளர்களும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். வெளிநாட்டு ஆட்டங்களை செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தையாக, நண்பனிடம் பந்து போகும்போதெல்லாம் எங்கள் ஆதரவாளர்கள் பத்து ரூபாய் நோட்டுகளை ஆட்டிக் கத்தினார்கள். ஆட்டத்துக்கு முன் அவன் என்னிடம் வந்து கை நீட்டினான். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

முதல் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். குதிக்கவில்லை, கத்தவில்லை. எங்கள் ஆட்கள் நின்ற பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை லேசாகத் தூக்கினான். நோட்டை ஆட்டியவர்கள்கூட ஒரு நிமிடம் அடங்கினார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாம் பாதியில் என்னைத் தாண்டி வெட்டிப் போகப் பார்த்தான். நான் சறுக்கிக் காலை விட்டேன். அவன் முட்டி மடங்கிய விதத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். வெளியே நடந்தபோது எங்கள் ஆட்கள் எனக்குக் கை தட்டினார்கள். நான் அவனருகில்தான் கடந்து போனேன். மண்ணில் கிடந்தவன் என்னைத் திட்டவில்லை.

“பந்து அந்தப் பக்கம் போயிருச்சேலே” என்றான்.

நான் காலை விடும் முன்பே போயிருந்தது. நானும் பார்த்தேன்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. முட்டிக்குள் ஜவ்வு அறுந்திருந்ததாம். அண்ணாச்சி ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சிமெண்டு மூட்டை தூக்க முடியாதவனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உடம்பு தேறியதும் வா என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த போட்டிக்குள் வேறொரு ஆளைப் பிடித்துவிட்டார். முன்பு என் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் புதியவன் எவ்வளவுக்கு வந்தான் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே வாரம் எங்கள் இங்கிலாந்து கிளப் முட்டி கெட்டுப்போன ஒருவனைக் கழித்துக்கட்டியது. ‘நல்லவேளை, காசு தண்டம்’ என்று குழுவில் எழுதியிருந்தேன். எழுதி அனுப்பிய பிறகுதான் என் விரல் எனக்கே அசிங்கமாகப் பட்டது.

அவன் எங்கள் கம்பெனிக்கே திரும்பி வந்தான். உட்கார்ந்து பேண்டேஜ் மடித்து உறையில் போடுகிற வேலை, முன்பைவிடக் குறைந்த கூலி. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடிபோயிருந்த வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் கழிய வேண்டும் என்பதால் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனான். என்னைக் கண்டால் தலையசைப்பான். அவ்வளவுதான்.

ஆறு மாதம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, வேணும் என்று செய்யவில்லை என்று ஆரம்பித்தேன்.

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். “நான் கேக்கல. கேட்டா நீ பொய் சொல்லணும். எதுக்கு?”

அப்புறம் கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் மெஷினைப் பற்றிப் பேசினான். போனஸ் பற்றிப் பேசினான். பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் மனைவி கொண்டுவந்த காபியைக் குடித்தேன். எழுந்தபோது மரியாதைக்கு அவனும் சுவரைப் பிடித்து எழுந்தான்.

“போயிட்டு வாரேன்” என்றேன்.

“சரி” என்றான். வா என்று சொல்லவில்லை.