கேட்டதும் ஊர் சொன்னவர்

பேராசிரியர் தாஜுதீன் துணைவேந்தராக இருந்த பெருமையைச் சொல்ல எங்கள் மக்கஸார் நகரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் பதக்கம் தொங்கும் படத்தோடு மலரே போட்டிருக்கிறார்கள். அதில் இல்லாததை நான் சொல்கிறேன். மொழித்துறையில் ஒலிநாடா அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். இருபத்தெட்டு வருஷம் அவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன்.

மனுஷருக்கு அப்படி ஒரு காது. தீவு தீவாகப் படகில் போய், மீன்காரி, கள் இறக்குகிறவர், பள்ளிவாசல் மோதினார் என்று எல்லோர் பேச்சையும் பதிவு செய்து வருவார். ரிக்‌ஷாக்காரர் நாலு வார்த்தை பேசினால் போதும், பிறந்த ஊரைச் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வாயைத் திறந்ததும், "தாயேங் கானாங், நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே?" என்றார். (கானாங் என் பெயர்; மரியாதைக்கு முன்னால் 'தாயேங்' சேர்ப்பது எங்கள் வழக்கம்.) அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "தெரியாது" என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் அறைக்குள் வந்த எந்தக் குரலும் பிரதி எடுக்காமல் வெளியே போகக் கூடாது. அது என் வேலை.

ஹம்டான் அவருடைய செல்ல மாணவன். செலாயார் தீவின் கிழக்குக் கரைப் பையன். அந்தக் கரையிலிருந்து படிக்க வந்தவன் அவன் ஒருவன்தான். ஊர் ஊராக மைக்கைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் அலைவான். "உன் குரலையும் கொஞ்சம் குடேண்டா" என்று நான் கேட்டால், "என்ன தாயேங், நான் செத்தா போயிட்டேன்? நேர்லயே கேட்டுக்கோங்க" என்பான். பாவிப் பயல்.

அந்த வருஷம் அரசாங்கத்தைக் கிழிகிழியென்று கிழித்து யாரோ பேசிய நாடா ஒன்று சந்தைகளில் கைமாறியது. ஒரு காலை சஃபாரி சட்டை போட்ட அரசாங்கத்து ஆட்கள் மூன்று பேர் அதைக் கொண்டுவந்தார்கள்.

"சும்மா ஒரு ஆசைதான், புரொஃபசர். நீங்க கேட்டதும் ஊர் சொல்வீங்களாமே?"

பத்துக் கை மாறித் தேய்ந்த நாடா. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. இவர் கண்ணை மூடிக் கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"செலாயார். கிழக்குக் கரை. வயசு இருபத்திரண்டுக்குள்ள. படிச்ச பையன்."

"அடேயப்பா! எங்க ஆளுங்க மூணு மாசமா முட்டிக்கிட்டாங்க" என்றார் ஒருவர். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐயோ, அந்தப் பூரிப்பை நான் பார்த்தேனே! காபி கொடுத்துவிட்டு வழக்கம் போலப் பிரதியும் எடுத்தேன். அவர்களுக்கு அது தெரியாது.

நாலாம் நாள் ஹம்டானின் விடுதி அறை திறந்து கிடந்தது. செருப்பு மட்டும் வாசலில் இருந்தது.

இவர் எங்கெங்கோ போய் விசாரித்தார். ஒரு வாரம் கழித்து வெளுத்த முகத்தோடு வந்து, பையன் உயிரோடு இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். "ஐயா, அந்த நாடாவுல பேசினது நம்ம ஹம்டானா?" என்றேன். "அவன்தான் தாயேங். அந்தக் கரையில வேற யாரு இப்படிப் பேசுவா? என் காது பொய் சொல்லாது." எனக்குச் சந்தேகம்தான். ஹம்டான் குரல் இவ்வளவு கட்டையில்லை. ஆனால் அவரே சொன்ன பிறகு நான் யார்? பேசாமல் இருந்தேன். அது என் பாவம்.

மறு வருஷம் துறைத்தலைவர் பதவி வந்தது. அதற்கு மறு வருஷம் துணைவேந்தர் பதவி. கேட்காமலே வந்தது. வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

ஹம்டானின் அம்மா, தாயேங் பொல்லோ, ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவுக்கும் கப்பலும் பஸ்ஸும் மாறி வருவாள், ஒரு பை செலாயார் ஆரஞ்சோடு. மகனை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சில வருஷத்தில் அதைக் கேட்பதையும் விட்டாள். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"ஊர்ல இருக்கிறவன் குரலெல்லாம் இங்க வச்சிருக்கீங்களாமே. என் பிள்ளை ஒரு வார்த்தை பேசினது இல்லாமலா போச்சு? அவன் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது, தாயேங்."

அவள் வந்தாலே இவர் பின்வாசல் வழியாகக் காரேறிவிடுவார். எட்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஆட்சி கவிழ்ந்தது. சஃபாரி சட்டைகளைக் காணோம். இவர் ஓய்வு பெறும் வருஷத்து விழாவில் நான் காரை மறித்து நின்றேன். "இன்னும் எத்தனை நாள் ஐயா ஓடுவீங்க? உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு!"

காரை விட்டு இறங்கினார். பிறகு, "அந்த நாடாவோட பிரதியை எடுங்க" என்றார். "அந்த அம்மாவுக்கு அதாவது கிடைக்கட்டும். அவங்க கேட்டு முடிச்சதும் நான் செஞ்சது எல்லாத்தையும் நானே சொல்லிடறேன்."

ஒரு மாணவன் பேசிய பதிவு என்று மட்டும் சொல்லி அவளை உட்காரவைத்தேன். இவர் எதிரே, அங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை கேட்டாள். அழவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எங்க ஊர்ப் பேச்சை நல்லாத்தான் பேசுது இந்தப் பிள்ளை. எங்க ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருந்திருக்கும் போல. என் ஹம்டான் இல்ல."

இவர் எழுந்துவிட்டார். "நல்லா கேளுங்கம்மா, இன்னொரு தடவை..."

"பெத்தவளுக்குத் தெரியாதா ஐயா?" அவள் கோபப்படக்கூட இல்லை. நாடாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "அரசாங்கத்தை இப்படிப் பேசியிருக்கானே, இவனும் என்ன ஆனானோ. இவன் அம்மாவும் எங்கயாவது தேடிக்கிட்டிருப்பா. நீங்கதான் கேட்டதும் சொல்வீங்களாமே. இவன் எந்த ஊரு? அவ கையில சேர்த்துடலாம்."

அவர் நாடாவை வாங்கிக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்றார்.

அடப்பாவி மனுஷா, அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!