முட்டைக்கோஸ் வேன்

எங்கள் பழைய வேன் தானாகக் கிளம்பாது. ஸ்டார்ட்டர் கெட்டு ஆறு வருஷம். முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றுகிற இடமும் தேய்ந்து போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டேரிங்கில் உட்காருவார். நான் பின்னால் நின்று தள்ளுவேன்.

பாகலூர் பக்கம் எங்கள் நிலம். வாரத்தில் மூன்று நாள் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவோம். எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். டீ குடிப்பதும் இறக்கத்தில் இருக்கிற கடையில்தான். அந்த டீ நன்றாக இருக்காது. சமதரையில் எஞ்சின் நின்றுவிட்டால் நான் இறங்கி ஆள் கூப்பிடணும். நான் கல்லாவியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கன்னடத்திலும் தெலுங்கிலும் நான் முதலில் கற்றுக்கொண்டது "கொஞ்சம் தள்ளுங்க" என்பதைத்தான்.

என் தொல்லை தாங்காமல் புது வேனுக்குக் கம்பெனிக்கு எழுதிப் பேர் பதிந்து வைத்திருந்தார். மூன்று வருஷம் கழித்து முறை வந்தது. கடுதாசி இங்கிலீஷில் இருந்தது. மாதா கோயில் சாமியார் படித்துச் சொன்னார். பத்து நாளைக்குள் பதில் போகணும். போகாவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்கு.

எட்டு நாள் போய்விட்டது. அவர் கடுதாசியைப் பைபிளுக்குள் வைத்தவர் வெளியே எடுக்கவே இல்லை.

"இது நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"ஓடுது. நான் தள்ளுனா ஓடுது."

"கைய வெச்சா போதும். அது பாட்டுக்கு உருளும்."

எனக்கு முதுகு வலி. "நாளைக்கு நீங்க தள்ளுங்க. நான் உள்ள குந்திக்கிறேன்" என்றேன்.

சிரித்தார். விளையாட்டுக்குச் சரி என்றார்.

மறுநாள் காலை எல்லைச் செக்போஸ்ட்டில் சீட்டுக் காட்ட நிறுத்தினோம். அங்கே தரை சமம். எஞ்சின் நின்றது. நான் இறங்கவில்லை. அவர் இறங்கினதும் ஸ்டேரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டாங் கியர்ல போட்டிருக்கறேன். கிளச்ச மிதிச்சிக்க. நான் சொன்னா வுடு. அவ்ளோதான்" என்றார்.

ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அது எனக்குத் தெரியும்.

காவல்காரர் எட்டிப் பார்த்து, "அம்மா ஓடிஸ்தாரா?" என்று, அம்மாவா ஓட்டப்போறாங்க என்கிற மாதிரி, கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவரும் தள்ள வந்தார். அங்கே நின்றிருந்த மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

"வுடுமே!" என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து கத்தினார். விட்டேன். வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது.

"நிறுத்துமே! ஏமே, நிறுத்து!"

நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். மறுபடி தள்ளணும். அதனால் நிறுத்தவில்லை. ரோடு நேராக இருந்தது. கண்ணாடியில் அவர் ஓடி வருவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மைசூர் ராஜ்ஜியத்துக்குள் நான் மட்டும் போனேன். எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். அத்திப்பள்ளி தாண்டி ஒரு இறக்கம் வந்தது. அங்கே பிரேக்கை மிதித்து நிறுத்தி, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மூட்டை ஒன்றும் விழவில்லை.

அரைமணி கழித்து அவர் யாரோ ஒருவரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். செருப்பு கையில் இருந்தது. வேட்டியெல்லாம் கரி. திட்டுவார் என்று பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்.

"இன்னா கனம்மே இது" என்றார்.

"கைய வெச்சா போதும்னீங்க."

"புதுசே எடுத்துக்கலாம்."

எனக்கு அப்போது அந்த வண்டி பிடித்துப் போயிருந்தது. "எதுக்கு? நல்லாத்தானே ஓடுது" என்றேன்.

"யாரு தள்றது?"

"நீங்கதான். ஓட்டறதுக்குத்தான் நான் இருக்கறனே."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மார்க்கெட் போய்த் திரும்புகிற வரைக்கும் இதே பேச்சு. அவர் புதுசு என்றார். நான் பழசு என்றேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முகம்கூடக் கழுவாமல் கடுதாசியை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"பதில் இப்பவே எழுதுங்க சாமி. வேணும்னு எழுதுங்க."

"இத்தனை நாளா வேண்டாம்னியே, இப்ப இன்னா அவசரம்?"

"கைய வுட்டு ஓடிருச்சு சாமி."

"வண்டியா?"

"என் பொண்டாட்டி."

சாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுதும்போது மை சிந்தியது. வேறு தாள் எடுத்து எழுதினார்.

புது வேன் தை மாதம் வந்தது. சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.