வேற ஏதாவது சொல்லணுமா?

என் அண்ணி தன் நோயை ஒரே நாளில் பதினொரு டாக்டர்களிடம் சொன்னாள். பத்துப் பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பதினோராவது டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். அவரையும் மணி அடித்து எழுப்பி வெளியே அனுப்பியது நான்தான். இதை முதலில் சொல்லாமல் அண்ணியைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது பூசி மெழுகுகிற வேலையாகத்தான் இருக்கும்.

மருத்துவக் கல்லூரியில், குடும்ப மருத்துவத் துறையில் எனக்கு அலுவலக வேலை. எங்கள் மாணவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. டாக்டராகிப் பல வருஷம் கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டு, தலை நரைக்க ஆரம்பித்த பிறகு மேற்படிப்புக்கு வருகிறவர்கள். சளியோ சர்க்கரையோ முதுகுவலியோ மனக்கவலையோ, எதுவானாலும் ஜனங்கள் முதலில் போய் நிற்பது இவர்களிடம்தான். அதனால் நோயாளி சொல்வதைக் கேட்பது எப்படி என்று இவர்களுக்குப் பாடம் உண்டு. சிரிக்காதீர்கள், அதற்குப் பரீட்சையும் உண்டு. வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நடிப்பு நோயாளி, மூலையில் ஒரு தேர்வாளர், கூரையில் ஒரு கேமரா. ஆளுக்கு எட்டு நிமிஷம். ஆறாவது நிமிஷம் நான் ஒரு மணி அடிப்பேன். எட்டாவது நிமிஷம் இரண்டு மணி. இரண்டாம் மணிக்குப் பிறகு யாராவது உட்கார்ந்திருந்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பரீட்சை மொத்தமும் பின்னால் தள்ளிப்போகும், திட்டு எனக்குத்தான் விழும்.

அண்ணன் செத்த பிறகு அண்ணியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்குப் பிள்ளை இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளை நான்தான் நடிப்பு நோயாளியாகக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே அசத்திவிட்டாள். கைக்குட்டையின் முனையைத் திருகித் திருகி, 'தலைவலி தாங்கல டாக்டர்' என்று ஆரம்பித்தாள் என்றால் எதிரே இருக்கிறவருக்கே நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும்.

"எங்கே கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?" என்று பேராசிரியரே கேட்டார்.

"இவ அண்ணன்கூட பதினெட்டு வருஷம் நல்லாருக்கேன்னு நடிச்சேனே சார், இதென்ன பிரமாதம்?"

அறையே சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஆனால் என் அண்ணன் லட்சணம் எனக்குத் தெரியாதா? நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

நடிப்பு நோயாளி எல்லாரிடமும் ஒரே மாதிரி பேச வேண்டும். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று என்று சொன்னால் மார்க் போடுவது நியாயமாக இருக்காது. ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறதோ அதுதான். இதை அளப்பதற்கென்றே ஒருவர் வந்து சேர்ந்தார். மருத்துவக் கல்வியில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர். கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, யார் எந்த வாக்கியத்தை எத்தனை தடவை மாற்றிச் சொன்னார்கள் என்று எண்ணுவதே அவர் வேலை. அவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். அவர் கணக்கில் அண்ணிதான் முதலிடம். இரண்டு பரீட்சையில் ஒரு சொல் பிசகவில்லை. நான் அதைத் துறை முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மாணவர்களின் மதிப்பெண் தாளில் கடைசிக்கு முந்தைய வரி இது: 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நோயாளியிடம் கேட்டார். ஒரு மதிப்பெண்.' அண்ணியின் ஸ்கிரிப்டில் அதற்குப் பதில், 'வேற ஒண்ணும் இல்ல டாக்டர்.' கேட்டால் மார்க் உண்டு. பதிலைக் கேட்டுக்கொள்வதற்கு மார்க் கிடையாது. ஏனென்றால் பதிலில் ஒன்றும் இருக்கப்போவதில்லை. இதையெல்லாம் தட்டச்சு செய்து நகல் எடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் இறுதித் தேர்வில் அண்ணிக்கு நான்காம் அறை, வழக்கமான தலைவலி வேஷம். பதினொரு மாணவர்கள். கடைசிச் சுற்றில் இரண்டு மணி அடித்தும் நான்காம் அறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே யார் என்று எனக்குத் தெரியும். ஆமை டாக்டர். நாற்பதைத் தாண்டிய அம்மா. எதையும் நிதானமாகச் செய்வார். சாப்பிட்ட தட்டைக் கழுவவே அரை மணி ஆகும். எரிச்சலோடு கதவைத் திறந்தேன்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி இறங்குதா? கெட்டியா சாப்பிட்டாதான் நெஞ்சுல நிக்குதா?"

"தண்ணி இறங்குது டாக்டர். ரொட்டியை டீல முக்கித்தான் முழுங்கறேன். மூணு மாசமா."

"இளைச்சிருக்கீங்களா?"

"உடுப்பெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு."

தலைவலிக்காரி என்ன உளறுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குட்டை அவள் மடியில் சும்மா கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன புண்ணியம்? ஆமை டாக்டரின் முகத்துக்கு நேரே கையை நீட்டி மணியை இன்னொரு தடவை அடித்தேன்.

"எந்திரிங்க டாக்டர், நேரம் முடிஞ்சு போச்சு!"

அவர் அண்ணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மூலையில் இருந்த தேர்வாளர் தாளில் எழுதினார்: 'நேரத்துக்குள் முடிக்கவில்லை. தேவையற்ற கேள்விகள்.' அந்த அறையில் போன மார்க்கால் ஆமை டாக்டர் தேறவில்லை. மறுதேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய என் மேஜைக்கு வந்தார்.

"உங்க அண்ணி இந்தத் தடவை கவுத்துட்டாங்கம்மா. வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டதுக்கு, ஸ்கிரிப்ட்ல இல்லாத ஒரு நோயை பதினோரு பேர்கிட்டயும் சொல்லியிருக்காங்க. ஆனா பாருங்க, பதினோரு தடவையும் ஒரே வார்த்தை!"

அவருக்கு அது அருமையான விஷயம். எனக்கு மானம் போன விஷயம். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணி, நடிப்பு தலைக்கேறிடுச்சா? ஸ்கிரிப்ட்ல இல்லாததை எதுக்குச் சொன்னீங்க?"

அண்ணி சமையலறையில் நின்றபடி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாங்க. சொன்னேன்."

"அவங்க மார்க்குக்குக் கேக்கறாங்க! அதுக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொல்றதா?"

"நான் பொய் சொல்லலயே."

"பொய் சொல்லத்தானே உங்களைக் கூப்பிடறாங்க!"

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி விடு. இனிமே சொல்லல" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். அடுத்த பயிற்சித் தேர்வில் ஒரு சொல் பிசகவில்லை. நான்கூடப் பாராட்டினேன். பாவி நான், பாராட்டினேன்.

வீட்டில் அவள் சாப்பிட ரொம்ப நேரம் எடுப்பாள். 'பல்லு முளைக்காத குழந்தை மாதிரி என்ன அண்ணி இது' என்று கிண்டல் செய்வேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். எனக்கு எதிலும் அவசரம். எட்டு நிமிஷம் எல்லாம் என் கணக்கில் ரொம்ப அதிகம்.

தேர்வு முடிந்து பத்து வாரம் கழித்து, மறுதேர்வுக்கு விண்ணப்பம் வாங்க ஆமை டாக்டர் அலுவலகத்துக்கு வந்தார். தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அந்த நாலாம் ரூம் அம்மா எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்காங்க. எல்லாம் நடிப்பு டாக்டர். அழச் சொன்னா அழுவாங்க, சிரிக்கச் சொன்னா சிரிப்பாங்க. அதை நம்பி மார்க்கைக் கோட்டை விட்டீங்களே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்து யோசித்துத்தான் பேசினார்.

"இருக்கலாம்மா. ஆனா ரொட்டியை டீல முக்கித்தான் முழுங்கறேன்னு சொன்னாங்க. ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு அப்படியெல்லாம் எழுத வராது."

அன்று காலையில்கூட அண்ணி டம்ளருக்குள் ரொட்டியை முக்கி, அது கரைகிற வரைக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் வேலைக்குக் கிளம்பி வந்திருந்தேன். என் கண்ணுக்கு என்ன கேடு வந்தது?

"டாக்டர், அது என் அண்ணி" என்றேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். மறுநாளே கூட வந்தார். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. சதை எடுத்துச் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள். புற்றுநோய், கல்லீரலுக்கும் போயிருந்தது. வெட்டி எடுக்க முடியாது என்றார் அறுவை சிகிச்சை டாக்டர்.

வராந்தாவில் ஆமை டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கே, நீங்க கேட்ட அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா?"

"தெரியலம்மா" என்றார். "தெரிஞ்சா சொல்லிடுவேன். நெஜமா தெரியல."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தத் தெரியலையை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

ஆஸ்பத்திரி பெஞ்சில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கோபம் போக இடமில்லாமல் அவள்மேலேயே திரும்பியது.

"ஏன் அண்ணி, ஊர்ல டாக்டரா இல்ல? நேரா ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்றதுக்கு என்ன?"

"ஒருத்தர்கிட்ட போனேன். வயித்துல கேஸ் டிரபிள்னு சொல்லி மாத்திரை கொடுத்தார். மறுபடி போக பயமா இருந்துச்சு. நேரா போய்ச் சொன்னா நெஜமாயிடும்ல? அந்த ரூம்ல சொன்னா பாதி நடிப்புதானே. பிடிக்கிறவங்க பிடிக்கட்டும்னு விட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த மெதுவான அம்மா பிடிச்சாங்க. பாவம், பெயிலாக்கிட்டேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளையின் ஆராய்ச்சிக்கு ஒரு மாநாட்டில் நல்ல பெயர் கிடைத்தது. அதில் ஓர் அட்டவணை. 'நோயாளி நான்கு. ஸ்கிரிப்டிலிருந்து விலகல்: பதினொன்று.' அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். ஆனாலும் கணக்கை மாற்றக் கூடாதாம். அந்த வரி அப்படியே இருக்கிறது. போகட்டும், அண்ணி சொன்னதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

ஆமை டாக்டர் மறுதேர்வில் தேறினார். நான் அன்றைக்கு விடுப்பில் இருந்தேன். மணியை வேறு யாரோ அடித்தார்கள்.

கடைசி மாதங்களில் அண்ணிக்கு வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். கஞ்சித் தண்ணீரை ஊசிக்குழலில் எடுத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் குமட்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு நிதானம் வந்ததே அப்போதுதான். யாருக்கு என்ன லாபம்?

ஒருநாள் மத்தியானம் ஆகாரம் கொடுத்துவிட்டு, அவள் வாயை ஈரத்துணியால் துடைத்தேன். ஜன்னல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் தட்டச்சு செய்து நகல் எடுத்த அந்த வரிதான் வாயில் வந்தது.

"அண்ணி, வேற ஏதாவது சொல்லணுமா?"

என்னை உற்றுப் பார்த்தாள். உதட்டோரம் பழைய குறும்பு லேசாகத் தெரிந்தது. போர்வையின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகினாள்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள்.

அது நடிப்பு என்று இந்த முறை எனக்குத் தெரிந்தது. நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.