ஸ்ரௌவ்விலிலிருந்து ஒரு மூடிய கதவு வரை

போன சனிக்கிழமை ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு தமிழ் நாடகம் பார்க்கப் போனேன். நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் நாடகமொன்றின் மொழிபெயர்ப்பு. அதில் மகனாக நடித்தது என் மகள் ஆரணி. வங்கி வேலையை விட்டு நாடகம் என்று போனவளோடு நான் நான்கு மாதமாகச் சரியாகப் பேசவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு ஏசுங்கோ" என்று செய்தி அனுப்பியிருந்தாள். இதையும் தவறவிட்டால் இனிக் கூப்பிடவே மாட்டாள் என்று பயந்தேன்.

நாடகம் இரண்டு மணிக்கு. எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் இரண்டு என்றால் மூன்று. குத்துவிளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர் எல்லாம் முடிய வேண்டுமே! அந்த நம்பிக்கையில், நான் இருக்கும் ஸ்ரௌவ்வில் ஊரில் 12.50 ரயிலில் ஏறினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர், எழுபது நிமிடம். வார இறுதி நாளுக்கான ரிக்கற் பத்து டொலர்.

ரயிலில் ஆரணி எழுதி அனுப்பிய அறிமுகக் குறிப்பைப் படித்தேன். முதல் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மனியில் வீடு, பள்ளிக்கூடம், படைமுகாம் மூன்றிலும் ஒரே கட்டளைதானாம்: கீழ்ப்படி. மேடையிலோ மேசை நாற்காலிகூட அசல் போலவே இருக்கவேண்டும் என்ற பழக்கம். மனதுக்குள் நடப்பதை அது காட்டவில்லையே என்று இளம் எழுத்தாளர்கள் எரிச்சல்பட்டார்கள். கோணல் சுவர், கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை வெளிச்சம், முறிந்த வசனம், அலறல் என்று புதிதாகத் தொடங்கினார்கள். பாத்திரங்களுக்குப் பெயரில்லை, தந்தை, மகன், அவ்வளவுதான். தணிக்கையால் சில நாடகங்களை அழைத்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்களாம்.

'தந்தை' என்ற இடத்தில் என் கண் இரண்டுதரம் நின்றது. என்னைத்தான் சொல்கிறாளோ?

பாதி வழியில் மில்லிக்கன் நிலையத்தைத் தாண்டும்போதுதான் கடைசி வரியைக் கண்டேன். "விளக்கேற்றல், உரைகள் இல்லை. சரியாக இரண்டு மணிக்குக் கதவு மூடப்படும்." எனக்கு வியர்த்துவிட்டது. ரயிலைத் தள்ளிக்கொண்டா ஓடமுடியும்?

இரண்டு மணிக்கு இறங்கி டாக்சி பிடித்தேன். ஓட்டியவர் நம்மவர். பாதி வழியில், "அண்ணை, முன்னால ரோட்டு வேலை. இறங்கி ஓடினியள் எண்டால் கெதியாப் போவியள்" என்றார். பன்னிரண்டு டொலரைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பழைய தொழிற்சாலைக் கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. மணி 2.19. கதவு மூடியிருந்தது.

வாசலில் ரிக்கற் பார்க்கும் பெண், "சொறி அங்கிள், சீன் மாறேக்கதான் விடலாம்" என்றாள்.

அப்போது உள்ளே யாரோ எதையோ படபடவென்று தட்டினார்கள். "அப்பா! கதவைத் திறவுங்கோ!" ஆரணியின் குரல்.

நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"அங்கிள், அது நாடகம்!" அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். எனக்கும் தெரியும். கைதான் கேட்கவில்லை. ஒன்பது நிமிடம் அங்கேயே நின்றேன். பெற்ற பிள்ளையை இப்படித் தட்டவிட்டோமே என்று அழுகை வந்தது.

காட்சி மாறியதும் உள்ளே விட்டார்கள். நாடகம் 3.40க்கு முடிந்தது. ஆரணி முகப்பூச்சோடு வந்து, "எப்ப வந்தனீங்கள் அப்பா?" என்றாள்.

பொய் நாக்கு நுனியில் நின்றது. "பிந்தீட்டன். நீ கதவைத் தட்டேக்க வெளியில நிண்டனான்."

அவள் முகப்பூச்சைத் துடைத்தபடி சொன்னாள்: "அந்தப் பக்கம் அப்பா நிக்கிறார் எண்டு நினைச்சுத் தட்டு எண்டு டிரெக்டர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார். எனக்கு ஒருநாளும் அப்பிடி நினைக்க ஏலாமப் போச்சு."

வருகிற ஞாயிறும் நாடகம் உண்டு. ரிக்கற் இருபத்தைந்து டொலர். ஸ்ரௌவ்விலிலிருந்து வருபவர்கள் 11.50 ரயிலைப் பிடியுங்கள். நானும் அதில்தான் வருகிறேன்.