மலையடிவாரத்தில் ஒரு பேரம்

குன்றத்தூர் மலையடிவாரக் கடையில்தான் அவரைப் பார்த்தேன். முழங்கையில் ஹெல்மெட், பக்கத்தில் ஆறு வயது மகள். அவள் கையில் கசங்கிய ஐம்பது ரூபாய். அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவர் சட்டென்று மலைமேல் இருந்த கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் சோப்புக் குமிழி விடும் துப்பாக்கியை எடுத்தாள்.

"அம்பது ரூபா. வாங்கிக் குடு சார்," என்றார் கடைக்காரர்.

"என்னைக் கேக்காதண்ணா. காசு பாப்பாகிட்ட கீது. இன்னிக்கு அவ்ளோதான், அவளே பாத்துக்குவா."

பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் திரும்பிவிட்டோம்.

"நாப்பதுக்குக் குடுங்கண்ணா," என்றாள் அவள்.

"கட்டாது பாப்பா."

அவள் துப்பாக்கியை வைத்துவிட்டு நடந்தே விட்டாள்! நான் கரும்புச்சாற்றைக் குடிக்க மறந்து அவளையே பார்த்தேன். ஒரு பொம்மைக்காக! நல்லவேளை, கடைக்காரரே கூப்பிட்டார். நாங்கள் கை தட்டினோம்.

மீதிப் பத்து ரூபாயை அவள் மடிக்கும்போது அவர் முதல்முறையாகக் குனிந்தார். "அப்பாவுக்கு ஒரு டீ வாங்கித் தர்றியா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "வூட்ல அம்மா போட்டுத் தருவாங்கப்பா."

கூட்டமே சிரித்தது. அதில் அவர் சிரிப்புதான் பலமாகக் கேட்டது. டீ கிடைக்காத ஒரு மனிதர் அவ்வளவு பெருமையாக வண்டியைக் கிளப்பி நான் பார்த்ததே இல்லை.