கண்ணாடிச் சட்டை போட்ட சர்ட்டிபிகேட்

நர்ஸ் வேலைக்கு வந்தவர்களுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வராது. பதிவு அலுவலக ஜன்னல் முன்னால் நின்றால்தான் தலை சுற்றும். மேல்படிப்பு முடித்துவிட்டு அந்த ஜன்னலில் நின்று வெந்துபோன சக நர்ஸ்மாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

டிப்ளமா முடித்து 2004-ல் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சென்னையில் இருக்கும் நர்சிங் கவுன்சிலில் நம் பெயரைப் பதிந்து ஒரு சர்ட்டிபிகேட் தருவார்களே, அதுதான் நமக்கு லைசென்ஸ். அது இல்லாமல் ஊசியைக் கையால் தொடக்கூடாது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. டிகிரி முடித்து, நர்சிங் பள்ளியில் டியூட்டராகி, பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும்.

பீரோவுக்குள் ஒரு கைதி

சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் சீட் கிடைத்தது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதுவோ ஆஸ்பத்திரி மேனேஜர் பீரோவில் இருந்தது. நாம் ஓடிப்போய்விடுவோமாம், அதனால் சேரும் அன்றைக்கே பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். உங்களுடையதும் எங்காவது உள்ளே கிடந்திருக்கும்.

கேட்கப் போனேன். முதல் நாள் சாவி இல்லை என்றார். மறுநாள் பூட்டு மக்கர் என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அப்ப தொறக்கிற வரைக்கும் இங்கயே இருக்கேன் சார்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஆனது. பசிக்காதா? டிபன் பாக்ஸைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பு. ஏ.சி. அறை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. எங்கிருந்தோ சாவி வந்தது, பூட்டும் சமர்த்தாகத் திறந்தது. சர்ட்டிபிகேட்டை நீட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜர் சொன்னார்:

"எடுத்துட்டுப் போயிடுங்க சிஸ்டர், நான் சைவம்."

வீட்டுக்காரரின் பாசம்

என் வீட்டுக்காரர் சேகருக்குத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. லேமினேஷன் மெஷின் வாங்கியதிலிருந்து மனிதர் ஒரு காகிதத்தையும் விட்டுவைக்கவில்லை. ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கேஸ் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு, எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டை போட்டாகிவிட்டது.

சர்ட்டிபிகேட் மீண்டு வந்த சந்தோஷத்தில் நான் குளிக்கப் போன நேரம், அதையும் கடைக்கு எடுத்துப்போய்விட்டார். பளபளவென்று கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்கணுமே! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"இனிமே வெள்ளமே வந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது அமுதா."

யார் பெரிய சிஸ்டர்?

சிதம்பரத்தில் மறுபடியும் மாணவி யூனிஃபார்ம். வார்டுப் பயிற்சியில் லால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு ஊசி போடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார். "படிக்கிற புள்ளைங்கள்லாம் என் மேல கத்துக்க வேணாம், பெரிய சிஸ்டரைக் கூப்பிடு" என்றார்.

வந்த பெரிய சிஸ்டர் யார் தெரியுமா? ஸ்டெல்லா! கடலூரில் எனக்கு ஜூனியராக வந்து, ஊசி பிடிக்க என்னிடம் கற்றுக்கொண்ட அதே ஸ்டெல்லா, இப்போது இங்கே ஸ்டாஃப் நர்ஸ். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"அக்கா, நீங்களே போடுங்க, நான் பெரியவளாட்டம் பக்கத்துல நிக்கிறேன்."

ஜன்னல்

டிகிரி முடிந்தது. கடலூரிலேயே ஒரு நர்சிங் பள்ளியில் டியூட்டர் வேலையும் கிடைத்தது. ஆனால் புதுப் படிப்பைக் கவுன்சிலில் பதிந்துவிட்டுத்தான் சேர வேண்டும், அதுவும் அடுத்த திங்கட்கிழமைக்குள். டிகிரி வந்தால் பழைய லைசென்ஸ் செல்லாது, தூக்கிப் போட்டுவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். சென்னைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, பழசின் முதுகில்தான் புதுசை எழுதி சீல் வைப்பார்களாம்.

கிளார்க் திருப்பிப் பார்த்தார். பேனாவை வைத்தார், வழுக்கியது. சீல் வைத்தார், மை உருண்டு ஓடியது. டூப்ளிகேட் கேட்டால் மாதக்கணக்காகும். வேலை போச்சு, வீட்டுக்காரர் பாசத்தில் செய்தது சார் என்று கிளார்க்கிடம் புலம்பினேன். அவர் சொன்னார்:

"இதைப் பண்ணது உங்க வீட்டுக்காரர்னா, அவரையே உரிச்சுத் தரச் சொல்லுங்கம்மா."

இஸ்திரிப் பெட்டி

கடலூர் திரும்பியதும் கடைக்குப் போய் சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் திட்டுவதற்கு வாய் திறப்பதற்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினார். நேராக என்னுடையதில் கை வைக்கப் பயம். லேமினேஷன் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்த தன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கழற்றினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கணக்கு மார்க்கைக் காட்டுவாரே, அதே மார்க் ஷீட். துணி போட்டுத் தேய்த்து உரித்தார். நடுவில் பர்ரென்று கிழிந்தது.

"ஏங்க, அது உங்க மார்க் ஷீட்டுங்க!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் அமுதா. சூடு பத்தலை, அவசரப்பட்டுட்டேன். உன்னுதுல அவசரப்பட மாட்டேன்" என்றார். சொன்னபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாக உரித்தார். ஒரு மூலை மட்டும் பிளாஸ்டிக்கோடு போனது. எழுத்தும் சீலும் தப்பின. நான் அவர் முதுகில் சாய்ந்து அழுதேவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதே ஜன்னல். கிளார்க் முதுகில் எழுதினார், டமார் என்று சீல் குத்தினார், மை காயும்வரை ஊதிவிட்டு நீட்டினார்.

"வாழ்த்துகள்மா, வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க."

இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன், என் சர்ட்டிபிகேட் சாதா கவருக்குள் நிம்மதியாக இருக்கிறது, கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டையோடு தொங்குவது கிழிந்து ஒட்டிய அந்தப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான், அதற்கு லேமினேஷன் போட்டது நான்.