லா சப்பலில் தொலைக்காட்சி போடாத ஒரு மதியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாரிசுக்குப் போனது ஈபிள் கோபுரம் பார்க்க அல்ல, முருங்கைக்காய் வாங்க. சிரிக்காதீர்கள். நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் கிடைக்கும் முருங்கைக்காயை அடுப்பெரிக்கத்தான் பயன்படுத்தலாம். காசாவில் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நவம்பரில், சனிக்கிழமை காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதாகத் திட்டம். ஒன்பது வயது மகளை அவள் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

அதிவேக ரயிலில் மூன்று மணி பத்து நிமிடம். முன்கூட்டியே பதிவு செய்ததால் 45 யூரோவோடு தப்பித்தேன். கார் து லெஸ்த் நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சென் தெனி தெருவில் வடக்கே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கண்ணில் பட ஆரம்பித்ததுமே பசியும் ஆரம்பித்துவிடும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், எனக்கு முதலில் பறப்பது பொறுமை.

மேம்பால மெத்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். சோறும் மீன்குழம்பும் ஒன்பது யூரோ. ஆறு மேசைகள், சுவரில் பெரிய தொலைக்காட்சி, கல்லாவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முதலாளி யோகன். மாலையில் ரயில் வேலைநிறுத்தம் என்று வழியில் யாரோ சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. செய்தி பார்க்கலாமென்று மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்தேன்.

"தொடாதேங்கோ தங்கச்சி!"

நல்ல சத்தமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே, நியூஸ் பாக்கக்கூடாதா? காசு குடுத்துத்தான சாப்பிடுதேன்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குறை நினைக்காதேங்கோ. உள்ளுக்கை நிக்கிறவன்ர மகளின்ர ஃபோன் கோல் வரோணும். அதுவரைக்கும் இஞ்சை டிவி போடுறேல்ல."

அடுப்படிக்கும் மேசைகளுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். நரைத்த தாடிக்காரர் ஒருவர் ரோல்ஸ் பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். பார்வை மட்டும், மாவு டின்னில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை விட்டு நகரவில்லை. சமீர், காசாக்காரர், இந்தக் கடையில் ஆறு வருடமாக வேலை. மனைவியும் மகள் ரீமாவும் அவள் தம்பியும் அங்கே. "குடும்பத்தைக் கூப்பிடப் பேப்பர் போட்டவன். பேப்பர் வர முதல் சண்டை வந்திட்டுது" என்றார் யோகன்.

ரீமாவுக்கும் ஒன்பது வயது. என் மகள் வயதுதான். வீடு போய்விட்டதால் கூடாரத்தில் இருக்கிறார்கள். படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. விடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசையில் நிற்பது அவள் வேலை. யாரோ சூரியத்தகடு வைத்திருக்கும் இடத்தில் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மாமாவோடு ஏறி அப்பாவை அழைப்பாள். வழக்கமாக ஒன்றரைக்குள் அழைப்பு வந்துவிடும்.

மணி இரண்டு. வரவில்லை.

"2009இல வன்னியில என்ர அக்காவின்ர பிள்ளையள் பங்கருக்குள்ள" என்றார் யோகன், தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தியபடி. "நான் அப்ப இதே கடையில குசினியில சமையல் வேலை. டிவியில காட்டின ஒவ்வொரு பிள்ளையையும் எங்கட பிள்ளை எண்டு நினைச்சு நினைச்சுச் செத்தனான். அதுதான் இவனுக்குச் சொல்லி வச்சிருக்கிறன், டிவி பாராதை. கோல் வந்தால் சுகமோ எண்டும் கேளாதை. என்ன சாப்பிட்டனீ எண்டு கேள், அதுவும் பிள்ளையைக் கேள். பெரியாக்கள் சுகம் எண்டுதான் சொல்லுவினம். பிள்ளை உள்ளதைச் சொல்லும்."

சமீரும் அப்படித்தான் தினமும் கேட்கிறாராம். நேற்று டின்னில் அடைத்த பீன்ஸ், அதற்கு முந்தின நாள் ரொட்டி மட்டும். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாளாம்.

இரண்டேகாலுக்கு என் ரயில் கவலை எங்கே போனதென்று தெரியவில்லை. சாப்பிட வந்த இருவர் இருண்ட தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மெதுவாக உட்கார்ந்தார்கள். சமீர் தேய்த்த மாவையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். நான் கடவுளிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன்.

இரண்டு நாற்பதுக்குக் கைப்பேசி மணி அடித்தது. சமீர் மாவுக் கையோடு பாய்ந்து எடுத்தார். அரபியில் ஏதோ கேட்டார், கேட்டதும் சத்தமாகச் சிரித்தார். கடை முழுக்க மூச்சு விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. இரண்டு நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. அடுப்படியிலிருந்து வெளியே வந்து யோகனிடம் பிரெஞ்சில் படபடவென்று சொன்னார்.

"கோழியும் சோறுமாம்" என்று எனக்கு மொழிபெயர்த்தார் யோகன். "வயிறு முட்டச் சாப்பிட்டவளாம்."

"அப்பாடா!" என்றேன் நான்.

யோகன் அப்பாடா என்று சொல்லவில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சமீரை என் எதிர் மேசையில் உட்காரவைத்தார். அழைப்பு வரும்வரை சமீர் சாப்பிடுவதில்லையாம். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில் மெல்லச் சொன்னார். "என்ர அக்காவின்ர மகளும் ஒருநாள் ஃபோனில, மாமா இண்டைக்கு இறைச்சிக்கறி எண்டவள். நான் விசரன், மடையன், கடை முழுக்க வடை குடுத்துக் கொண்டாடினனான். பிறகுதான் தெரியும், அண்டைக்கு அதுகள் ஒண்டும் சாப்பிடேல்ல. பச்சைத்தண்ணி. அங்கை இப்ப கோழிக்கு எங்கை போறது, தங்கச்சி? இவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எதிர் மேசையில் சமீர் தலையைத் தூக்கினார்.

"தெரியும், அண்ணை" என்றார். தமிழில்.

ஆறு வருடம் யாழ்ப்பாணத்து அடுப்படியில் நின்றவர் என்பதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசினார். "ரீமா பொய். எனக்குத் தெரியும். நான் சிரிச்சது, அவளுக்குச் சந்தோசம். அப்பா நம்பிட்டார் எண்டு." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நேற்று சின்னப் பிள்ளை. இண்டைக்குப் பெரிய ஆள்."

யோகன் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றார். சமீர் குனிந்து சாப்பிட்டார், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். யாரும் தொலைக்காட்சியைப் போடச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மதியம் கூட்டம் அதிகம், பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். முருங்கைக்காயைக் கடைசியில் வாங்குங்கள், சுமந்துகொண்டு திரிய முடியாது. வேலைநிறுத்தம் பற்றித் தெருவில் கேட்பதை நம்பாதீர்கள், என் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்தக் கடையில் தொலைக்காட்சி நிறுத்தியிருந்தால் நிறுத்தியதாகவே இருக்கட்டும். ரீமாவிடமிருந்து மறுநாளும் அழைப்பு வந்ததா என்று தெரியவில்லை. போகிறவர்கள் யாராவது கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு மகளை அழைத்தேன். "என்னடி சாப்பிட்டே?"

"ஐயோம்மா, கேக்காத! அப்பா தோசையைக் கருக்கிட்டாரு. சட்னில உப்பே இல்ல. எனக்கு வேண்டாம்னு தூக்கி வச்சுட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் திட்டத் தொடங்கிவிடுவேன். அன்று ரயில் வரும்வரை அவள் குறை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றேன்.